இலக்கணம் ஏற்றது, இல்லம் விரட்டுவதோ?

தமிழ்ச் சங்க மலரில் எழுதுதற்கு வேறு பொருளே இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். குறளும் சிலம்பும் கம்பன் கவியும் இருக்க, ஆணுடலோடு பிறந்து பெண்ணாய் வாழ்வாரைப் பற்றியும், பெண்ணுடலோடு பிறந்து ஆணாய் வாழ்வாரைப் பற்றியும் குடும்பத்தார் கூடிப் படிக்கும் ஏட்டில் பேசுதல் தகுமா என்றும் வினவக்கூடும். தகும் என்பதே எம் விடை. குடும்பத்தார் படிக்கும் ஏடாதலினாலேயே தகும். பெற்ற பிள்ளையைப் பெற்றோரே வெளியில் தள்ளிக் கதவடைக்கும் கொடுமை தமிழ்க் குடும்பங்களில் நடக்கின்றது. அக்கொடுமைக்குத் தமிழ்ப் பண்பாட்டையே சாட்சியாக அழைக்கின்றனர் நம்மவர். அந்தச் சாட்சியை முறையாக உசாவுதல் தமிழ் ஏட்டின் கடமையன்றோ?

சாட்சிகளுள் மூத்தவர் தொல்காப்பியர். சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்தில் இருதிணை ஐம்பால் என்னும் பாகுபாட்டை அவர் தொடங்குகின்றார். உயர்திணை இது, அஃறிணை இது என்று வரையறுத்து, ஆண் பெண் பலர் என உயர்திணையைப் பகுத்த மாத்திரத்தில், நான்காம் நூற்பாவிலேயே ஆண்மை திரிந்தாரை நினைக்கின்றார். அவர்க்கெனத் தனி ஈறு மொழியில் இல்லை. ஆயினும் அவர் உயர்திணையின்பாற்பட்டே வழங்கப்பெறுவர் என்று விதிக்கின்றார். அதே நூற்பாவில் அவர்களோடு சேர்த்துச் சொல்லப்படுவது எது தெரியுமா? தெய்வத்தைச் சுட்டும் பெயர். அவ்வியலிலேயே பின்னொரு நூற்பாவில், ஆண்மை திரிந்த பெயர்க்கு ஆண்பால் வினைமுடிபு பொருந்தாது என்றும் கூறுகின்றார். ஆணாய்ப் பிறந்தவரே எனினும் 'வந்தான்' என்று சொல்லாதே என்பது அதன் பொருள். இன்று திருநங்கை ஒருவர் 'என்னை அவன் என்று சொல்லாதீர்கள்' என்று கேட்டால் முகஞ்சுளிக்கும் நாம், தொல்காப்பியத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது எவ்வாறு பொருந்தும்?

அடுத்த சாட்சி பவணந்தி முனிவர். அவரைத் தங்கவயலார் சற்று உரிமையோடே அழைக்கலாம். நன்னூலை ஆக்குவித்த வள்ளல் சீயகங்கன், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசன், கங்கர் குலத்தவன். குவளாலபுரத்துக்கு உரியோன் என்பது அவன் குலத்து விருது. குவளாலபுரம் என்பது கோலாரின் பழம்பெயர். ஆகக் கோலாரின் பெயரைத் தன் விருதில் தாங்கியவன் ஆதரவில் எழுந்த இலக்கணம் அது. அந்நூலின் பெயரியல், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவாரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவாரைப் பெண்பாலாகவும் கொள்கின்றது. அங்கே பவணந்தியார் ஆளும் வினையைக் கூர்ந்து நோக்குக: அவாவுதல். பிறந்தபோது கண்ட உடலைக் கொண்டு முடிவு செய்யாமல், அவர் உள்ளம் எதை அவாவுகின்றதோ அதைக் கொண்டு பால் வகுத்தார் அம்முனிவர்.

உள்ளதை மறைத்து வாதிடுதல் முறையன்று. நன்னூலின் அந்நூற்பா, இவர்களை அஃறிணைபோல வழங்குதலும் உண்டு என்று ஓர் இறுதியடியும் வைத்திருக்கின்றது. வள்ளுவரும் இரண்டு குறள்களில், வாளேந்தியும் பயனின்மைக்குப் பேடியின் கையை உவமை காட்டுகின்றார். இகழ்ச்சியும் அன்றே இருந்தது என்பதை ஒப்புவோம். இரண்டு வழியும் நம் முன்னோர் விட்டுச் சென்றவையே. தொல்காப்பியர் காட்டிய உயர்திணை ஒரு வழி; அஃறிணையாக்கி அகற்றுதல் மற்றொரு வழி. எதை எடுப்பது என்பதில் பொறுப்பு இன்றைய நம்முடையது. அகற்றும் வழியைத் தேர்ந்துகொண்டு, 'பண்பாடு எம்மை அவ்வாறு பணித்தது' என்று பண்பாட்டின்மேல் பழி போடுதல் வேண்டா.

இனி, பேசப்படும் பொருளைத் தெளிவாக்குவோம். குழப்பத்திற் பெரும்பகுதி, மூன்று வேறு செய்திகளை ஒன்றாகக் கருதுவதால் விளைகின்றது. முதலாவது உடல், பிறந்த குழந்தையைப் பார்த்து மருத்துவச்சி சொல்வது. இரண்டாவது பாலின அடையாளம். 'நான் ஆண்', 'நான் பெண்', 'நான் இவ்விரண்டிலும் அடங்காதவர்' என்று ஒருவர் தம் உள்ளத்தே தம்மை அறியும் அறிவு. மூன்றாவது பாலின வெளிப்பாடு. உடை, நடை, கூந்தல், குரல், அணி ஆகியவற்றால் வெளியே தோன்றுவது. பெரும்பாலார்க்கு இம்மூன்றும் ஒரே திசையில் அமைந்துவிடுதலின், இவை மூன்று என்பதையே அவர்கள் உணர்வதில்லை.

இவை வேறு வேறு என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் செல்லும் நம் தாய்மார் சேலைமேல் ஆண்சட்டை அணிந்து செல்வர். அதனால் அவர் ஆணாகிவிட்டார் என்று எவரும் சொல்வதில்லை. வடவார்க்காட்டிலிருந்து நம் முன்னோர் தெருக்கூத்தைப் பேணி வந்தனர். அதில் திரௌபதி வேடம் கட்டும் ஆடவர் விடியும்வரை பெண்ணாய் அழுது சபதம் உரைத்து, விடிந்தபின் வேடங் கலைத்து வீட்டுக்குச் செல்வர். அவர்தம் வெளிப்பாடு ஓரிரவு மாறியது, அடையாளம் மாறவில்லை. மறுபுறம், உள்ளத்தால் ஆணாகிய ஒருவர் தாயின் அச்சுறுத்தலால் சேலை உடுத்தி மணவறையிலும் அமர்த்தப்படலாம். அங்கே வெளிப்பாடு பெண், அடையாளம் ஆண். கோலம் போட விரும்பும் சிறுவனைக் கண்டதும் பெற்றோர் கலங்க வேண்டுவதில்லை; மரமேறும் சிறுமியைக் கண்டு அஞ்ச வேண்டுவதுமில்லை. ஆயின் வளர்ந்து அறிவு தெளிந்த பிள்ளை 'நான் இன்னார்' என்று நிலையாக, ஆண்டாண்டாகச் சொல்லுமாயின், அதை வேடம் என்று தள்ளுதல் ஆகாது. வேடம் கலையும், இது கலைவதில்லை.

'இஃது மேனாட்டிலிருந்து இறக்குமதியான நாகரிகம்' என்பார் கூற்றை எடுத்துக்கொள்வோம். மாதவி ஆடிய பதினோராடலுள் பேடு என்பதும் ஒன்று. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகர வீதியில் பேடிக் கோலத்துக் கூத்தைக் காண மக்கள் கூடி நிற்கின்றனர். இவற்றை எந்த மேனாட்டார் வந்து எழுதிக் கொடுத்தனர்? மேனாட்டார் உண்மையில் கொண்டுவந்தது வேறொன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அவர்கள் இம்மக்களுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கினர். வடநாட்டு மாகாணங்களில் இவர்தம் பெயரும் உறைவிடமும் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. அப்பதிவேட்டில் இடம்பெற்றவர் பெண்ணுடை உடுத்திப் பொதுவிடத்தில் தோன்றினாலோ ஆடினாலோ பிடியாணையின்றிச் சிறைப்படுத்தலாம் என்று விதித்தனர். கடலுக்கு அப்பாலிருந்து வந்தது அந்தத் தடையே. அதனைத் தமிழ்மானம் என்று எண்ணிக் காத்து நிற்போர், எவருடைய சரக்கைச் சுமக்கின்றோம் என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

பதிவேடு என்றதும் தங்கவயல் மக்களுக்கு நினைவு வரவேண்டிய ஆண்டு ஒன்று உண்டு. 1930இல், சுரங்கத் தொழிலாளர் அனைவரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ளல் வேண்டும் என்று கம்பெனி முறை வகுத்தது. குற்றவாளிகளைப் போல எம்மை நடத்துவதோ என்று கொதித்தெழுந்து, சங்கமோ தலைவரோ பெரிதாக இல்லாத அந்நாளில், நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தனர். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் நந்திதுர்க்கத்திலும் பூமியின் வயிற்றுக்குள் இறங்கி உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர், கூலிக்கு இணையாக மானத்தையும் மதித்தனர். 'உழைக்க வந்தோம், ஐயத்திற்குரியோர் பட்டியலில் ஏற வரவில்லை' என்பதே அப்போராட்டத்தின் உட்பொருள்.

அதே கருநாடக மண்ணில் 2011ஆம் ஆண்டு, மாநிலக் காவல் சட்டத்தில் 36அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. திருநங்கையரை இழிசொல்லால் குறித்து, ஐயத்திற்குரியோரின் பெயரையும் முகவரியையும் காவல்துறை பதிவேட்டில் வைக்க அப்பிரிவு வழிசெய்தது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பின்னரே அச்சொல் அகற்றப்பட்டது. 1930இல் தமக்கு இழைக்கப்பட்டபோது பொறாத இனம், 2011இல் மற்றவர்க்கு இழைக்கப்பட்டபோது என் செய்தது? அந்த 'மற்றவர்' நம் லைன் வீடுகளிற் பிறந்த பிள்ளைகளாகவும் இருக்கலாமே!

பெயரைப் பற்றியும் தங்கவயலுக்கு ஒரு வரலாறு உண்டு. பிறர் இட்ட இழிபெயரை ஏலாமல், 'எம் பெயரை யாமே சொல்வோம்' என்று முழங்கியவர் அயோத்திதாசப் பண்டிதர். அவர்தம் எழுத்துக்களைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின்னர் 1926இல் தங்கவயலிலிருந்து பண்டித ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. இழிபெயர் ஒரு மனிதனை எவ்வளவு ஆழமாக வெட்டும் என்பதை இவ்வூரை விட நன்கறிந்த ஊர் ஏது? அத்தகைய ஊரின் தெருமுனையில் நின்று, ஓர் எண்ணைச் சொல்லிக் கைதட்டிச் சிரிக்கும் இளைஞரைக் கண்டும் காணாதவர்போல் பெரியவர் கடந்து செல்வது அப்பண்டிதர் மரபுக்கு அடுக்குமா? திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் வழக்கில் உள்ளன. அவற்றைச் சொல்ல நாவுக்கு என்ன தடை?

'இது நோய், மருந்தாலோ மந்திரத்தாலோ அடியாலோ போக்கலாம்' என்பார் மற்றொரு சாரார். இவ்வெண்ணத்தால் பிள்ளைகளை அடைத்து வைத்தலும் சூடிடுதலும் நிகழ்கின்றன. உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் இந்நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்து நீக்கியது. 2019இல் ஏற்கப்பட்ட அப்பதிப்பு 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. இவர்களை 'மாற்றுவதாக'ச் சொல்லும் மருத்துவத்திற்குத் தடை வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் வழிகாட்டினார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதனைத் தொழிலொழுக்கக் கேடு என்று அறிவித்தது. மருத்துவரே கைவிட்ட மருத்துவத்தை மந்திரவாதியிடம் போய் வாங்குவானேன்?

நீதிமன்றமும் பேசியிருக்கின்றது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், நீதியரசர் கே. எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும் வழங்கிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு, ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து உரைக்கும் உரிமை அரசமைப்பின் அடிப்படை உரிமைகளுள் அடங்கும் என்றது. அறுவை செய்துகொண்டால்தான் ஏற்போம் என வற்புறுத்தலாகாது என்றும் சொன்னது. பவணந்தியார் அவாவுதல் என்ற ஒரு வினையாற் சுட்டியதை, நீதியரசர் பல பக்கங்களில் விரித்தனர் எனலாம். 2019இல் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். 2021இல் கருநாடக அரசு தன் பணிகளில் இவர்களுக்கு நூற்றுக்கு ஒன்று என இடம் ஒதுக்கியது. எனினும் சட்டம் எந்நாளும் வாசலோடு நின்றுவிடுவது. அடுக்களைக்குள் நுழைந்து, 'இப்பிள்ளைக்கும் ஒரு தட்டு வை' என்று சொல்ல எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. அதைச் சொல்லவேண்டியவர் தாயும் தந்தையுமே.

நம் பக்தியின் முரணையும் காண்போம். சித்திரை முழுநிலவு இரவில் பெங்களூரு தர்மராயர் கோவிலினின்று கரகம் புறப்படும். திகளர் குலத்து ஆடவர் ஒருவர் சேலையும் வளையலும் தாலியும் பூண்டு, திரௌபதியாகவே கருதப்பட்டு நகர்வலம் வருவார். கோலார் வட்டாரத்து ஊர்களிலும் கரக விழா உண்டு. அதே சித்திரை முழுநிலவையொட்டிக் கள்ளக்குறிச்சி மாவட்டக் கூவாகத்தில் கூத்தாண்டவர் கோவிலில் திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுவர். கரகம் வரும் தெருவில் நீர் தெளித்துக் கோலமிட்டு வணங்கும் நாம், மறுநாள் அதே தெருவில் சேலையுடன் செல்லும் திருநங்கைமேல் கல்லெறியும் சிறுவனைத் தடுப்பதில்லை. ஆணுடல்மேல் சேலை விழாவில் தெய்வம், வாழ்வில் இழிவு! இந்தக் கணக்கு எந்தச் சமயத்தின் கணக்கு?

'இவர்கள் இரயிலில் கைதட்டிப் பணம் பறிக்கின்றார்களே' என்ற குறையும் சொல்லப்படும். அச்சுறுத்திப் பறித்தல் எவர் செய்யினும் தவறே. ஆயின் கேளுங்கள்: பள்ளியில் ஏளனம் தாங்காமல் இடையில் நின்று, வீட்டாரால் துரத்தப்பட்டு, கடையிலும் ஆலையிலும் வேலை மறுக்கப்பட்டு, வாடகைக்கு அறையும் கிடையாத ஒருவர்க்கு எந்தத் தொழிலை மிச்சம் வைத்தோம்? 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது, வேலையற்றுப் போதல் என்பது மனிதனை என்ன செய்யும் என்பதை இவ்வூர் வீடுவீடாகக் கண்டது. அன்றுமுதல் விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூரு செல்லும் இரயில்களே நம் பிழைப்பின் கயிறாயின. நம் பிள்ளைகள் சோற்றுப் பொட்டலத்தோடு அந்த இரயில் ஏறுகின்றனர்; மாலையில் திரும்ப ஒரு வீடு இருக்கின்றது. விரட்டப்பட்ட பிள்ளையும் அதே இரயிலில்தான் ஏறுகின்றது. அதற்குப் பொட்டலமும் இல்லை. திரும்பிவர வீடும் இல்லை.

'குலத்தின் மானம் போய்விடுமே' என்பது இறுதி வாதம். மதுரையிற் பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சைக் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். பிரித்திகா யாஷினி நீதிமன்றத்தில் போராடி 2017இல் தமிழகக் காவல்துறையின் உதவி ஆய்வாளரானார். நாமக்கல் மாவட்டத்தினின்று பெங்களூருக்கு வந்த ரேவதி, 'உணர்வும் உருவமும்' என்னும் நூலால் திருநங்கையர் வாழ்வைத் தமிழில் பதித்தார். கருநாடகத்து மஞ்சம்மா ஜோகதி அம்மாநில நாட்டார்கலை அகாதெமியின் தலைவரானார். இவர்களால் போன மானம் எது? ஆனால் இப்பெயர்களை அடுக்குவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. விருது பெற்றால்தான் பிள்ளை, இல்லாவிட்டால் பழி என்று ஆகிவிடக்கூடாது. மற்ற மக்களிடம் நாம் பத்மஸ்ரீ கேட்டா சோறு போடுகின்றோம்?

ஆகவே செய்யத்தக்கன சிலவற்றைச் சொல்லி முடிப்போம். பிள்ளை சொல்வதை அடிக்காமல் கேளுங்கள். உடனே புரியாவிடினும் வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள். எக்காரணத்தாலும் படிப்பை நிறுத்தாதீர்கள். அது விரும்பும் பெயரால் அழையுங்கள். சொத்தில் பங்கு உண்டு என்பதை உறவினர் அறியச் சொல்லுங்கள். வீடு உடையோர் வாடகைக்குத் தர மறுக்காதீர்கள். தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உறுப்பினர் படிவத்தில் ஆண், பெண் என்னும் இரண்டு கட்டங்களோடு மூன்றாவதும் இருக்கட்டும், பேச்சுப் போட்டியிலும் பட்டிமன்றத்திலும் பொங்கல் விழா மேடையிலும் இவர்கள் நாற்காலி பெறட்டும்.

வேற்று மாநிலத்தில் நாலு தலைமுறையாகத் தமிழராய் வாழ்கின்றோம். 'நீங்கள் யார்?' என்று கேட்டவர்க்கெல்லாம், இருக்கும் மண்ணை மதித்தபடியே, 'தமிழர்' என்று விடை சொல்லி வந்திருக்கின்றோம். அந்த விடையைப் பிறர் நமக்காகச் சொல்ல நாம் விட்டதில்லை. நம் வீட்டுப் பிள்ளை 'நான் யார்' என்று சொல்லும்போது, அதே உரிமையை அதற்கு மறுக்க நமக்கு வாயில்லை. தொல்காப்பியர் உயர்திணையில் வைத்த ஒருவரை உம்மறத்தில் நிறுத்தாதீர்கள். உள்ளே அழைத்து உட்கார வையுங்கள்.